சின்னப் பொத்தானின் சத்தம்

பிளேன்டீயில் இஞ்சி போட்டது என் பிழை. வெறும் தேயிலையாகக் கொடுத்திருந்தால் ஜவ்பர் நானா பாதிக் கோப்பையிலேயே எழும்பியிருப்பார். அவர் எழும்பினால் அபூதாஹிரும் எழும்புவார். இவரின் கூட்டாளிகள் இரண்டு பேரும் போய்விட்டால் இவரும் கடைக்குப் போய்விடுவார், ஹோல் காலியாகிவிடும். இப்போது இஞ்சியை உறிஞ்சி உறிஞ்சிக் குடிக்கிறார்கள். அஸர்த் தொழுகைக்குப் பாங்கு கேட்கும்வரை அசையமாட்டார்கள்.

இப்படி நினைத்துக்கொண்டு பரீதா குசினியில் நின்று, ஏற்கெனவே துடைத்திருந்த அடுப்பை இன்னொரு தரம் துடைத்தாள். ஒரு காலிலிருந்து மற்றக் காலுக்கு மாறி நின்றாள். அடிவயிறு கல்லாக இருந்தது. குசினிக்கும் ஹோலுக்கும் இடையில் தொங்கிய பூப்போட்ட திரையின் ஓரத்தால் பார்த்தால் அந்த வெள்ளைக் கதவு தெரிந்தது. கதவோடு ஒட்டினாற்போல் ஜவ்பர் நானாவின் கதிரை. அவருடைய முழங்கை அசைந்தால் கதவில் தட்டும்.

அந்தக் கதவுக்குப் பின்னால்தான் புதுக் கக்கூசுக் கொமட் இருந்தது. அது வந்து ஆறு மாதமாகிறது. அதற்குப் பிறகு பகலில் ஆட்கள் இருக்கும்போது பரீதா அதற்குள் போனது ஒரே ஒரு தடவைதான்.

துடைத்த துணியை உதறிப் போட்டுவிட்டுப் பின்கதவால் இறங்கினாள். வேலியில் ஒரு ஆள் குனிந்து போகக்கூடிய பொட்டு இருந்தது. அதற்குள்ளால் நுழைந்தால் கோணேஸ்வரியின் வளவு.

கோணேஸ்வரி உடுப்புக் காயப்போட்டுக்கொண்டிருந்தாள். பரீதாவைக் கண்டதும் ஒன்றும் கேட்காமல் கையால் பின்பக்கத்தைக் காட்டினாள்.

"போங்கோ போங்கோ. வாளி நிறைச்சுத்தான் கிடக்கு."

திரும்பி வந்தபோது கோணேஸ்வரி சிரித்துக்கொண்டு நின்றாள். "தண்ணிக் கந்தோரால தந்த கொமட் அங்க ராசா மாதிரி ஹோலுக்குள்ள இருக்கு. நீங்கள் இஞ்ச என்ர தகரக் கதவுக்கு ஓடி வாறியள். ஆரும் பாத்தா என்னெண்டு நினைப்பினம்?"

"நினைக்கட்டும்."

"உங்கட சனூஸாவும் ரியூசன் முடிய நேர இஞ்சதான் வாறாள். பாவம், புத்தகப் பையோட."

பரீதா தொட்டியடியில் கையைக் கழுவினாள். கழுவி முடிந்த பிறகும் தண்ணீரை ஓட விட்டுக்கொண்டு நின்றாள். பிறகு அது அடுத்த வீட்டுத் தண்ணீர் என்று நினைவு வந்து குழாயைப் பூட்டினாள்.

"அக்கா," என்றாள் கோணேஸ்வரி. குரல் இறங்கியிருந்தது. "இவரும் எழுதிக் குடுத்திட்டார்."

"என்னத்துக்கு?"

"இந்தக் கொமட்டுக்குத்தான். உங்கட முனாப் நானாட வீட்டில வைச்ச மாதிரி முன்னுக்குத்தான் வைக்க வேணுமாம். பின்னுக்கு வைப்பம் எண்டு நான் சொல்லிப் பாத்தனான். முனாப் நானா ஒண்டும் விசயம் தெரியாத ஆள் இல்லை எண்டு எனக்குச் சொல்லுறார். பின்னேரம் அந்தக் கந்தோர்ப் பெடியன் மதுசன் உங்கட வீட்டுக்கு வாறானாம். இவரும் அங்க வருவார். நீங்கள் எப்பிடிச் சொல்லுறியள் எண்டு கேட்டுத்தான் முடிவெடுப்பாராம்."

"நான் சொல்லுறதையா?"

"ஓம். பாவிக்கிறது பொம்பிளையள்தானே, அவையட்டைக் கேப்பம் எண்டு சொன்னார். நல்ல மனுசன்தான்." கோணேஸ்வரி கொடியில் இருந்த சாரத்தை இழுத்து நேராக்கினாள். "பின்னேரத்தில இவரின்ர ஆக்கள் வந்து காட்ஸ் விளையாடத் தொடங்கினா எங்கட ஹோல் எப்பிடி இருக்கும் எண்டு உங்களுக்குத் தெரியும். பழசை உடைச்சாத்தான் புதுசு தருவினம். உடைச்சாப் பிறகு நான் எங்க போறது? நீங்கள் எங்க போறது?"

பொட்டுக்குள்ளால் திரும்பி வரும்போது பரீதாவின் தலைச் சீலை முள்ளில் மாட்டிக்கொண்டது. இழுத்தாள். கிழிந்தது. அந்தச் சின்னக் கிழிசலுக்காக அவளுக்கு அழுகை வரப் பார்த்தது. தன் மேலேயே எரிச்சலாக இருந்தது.

போன வருடம் மழை பிந்திய நாட்களில்தான் மதுசன் முதன்முதல் வந்தான். குழாயில் காலையில் கொஞ்சம், மாலையில் கொஞ்சம் என்று தண்ணீர் வந்த காலம். தண்ணீர் விநியோக அலுவலகமான கந்தோரின் திட்டத்துக்கு ஒழுங்கை ஒழுங்கையாக ஆள் சேர்ப்பது அவன் வேலை. தண்ணீரை மிச்சம்பிடிக்கும் மலசலகூடம் வைக்கிற வீடுகளுக்குப் பாதி விலையைக் கந்தோர் தரும். பழையதை உடைத்து, உடைத்ததைப் படம் எடுத்துக் காட்ட வேண்டும். அவ்வளவுதான் நிபந்தனை. நல்ல பிள்ளை. செருப்பை வாசலில் கழற்றிவிட்டுத்தான் உள்ளே வந்தான். ஹோலில் ஆண்களுக்கு நடுவில் உட்கார்ந்து விளக்கினான். பரீதா திரைக்குப் பின்னால் நின்று கேட்டாள்.

"மேல ரெண்டு பொத்தான் இருக்கு அங்கிள். சின்ன அலுவலுக்குச் சின்னது, பெரிய அலுவலுக்குப் பெரியது. பழசில எல்லாத்துக்கும் ஒரே அளவு தண்ணி போகுது."

"எங்கட வீட்டில எல்லாரும் பெரிய அலுவல்காரர்தான் தம்பி," என்றார் ஜவ்பர் நானா. எல்லோரும் சிரித்தார்கள்.

பழைய கக்கூசு வளவின் கோடியில், முருங்கை மரத்துக்கு அப்பால் இருந்தது. அதன் மேல் பரீதாவுக்கு ஒரு நாளும் பிரியம் இருந்ததில்லை. பல்லியும் தவளையும் குடியிருந்த இடம். தண்ணீர்த் தொட்டி நாள் முழுவதும் ஒழுகியது. மழை பெய்தால் குடையோடு போக வேண்டும். அது போகப் போகிறது என்று கேட்டபோது அவளுக்குச் சந்தோசமாகவே இருந்தது. புதியதைக் குசினிப் பக்கம் ஒட்டி வைப்பார்கள் என்று அவள் தானாகவே நினைத்துக்கொண்டாள். அதைக் கேட்க வேண்டும் என்று தோன்றவே இல்லை.

அவள் கணவர் முனாப்புக்கு வேறு எண்ணம். "பின்னுக்குக் கொண்டு போய் வெச்சா ஆரு காணப் போறா? இவ்வளவு வடிவான சாமானை இருட்டுக்குள்ள ஒளிச்சு வெக்கிறதா? வாற ஆக்கள் பாக்கட்டும். பைப்பும் முன்பக்கத்தாலதான் வருது."

அவர் எல்லாவற்றையும் யோசித்தார். உட்கார்ந்தால் தொழும் திசையான கிப்லாவுக்கு முகமோ முதுகோ வரக்கூடாது என்று மேசன் முனாஸோடு சேர்ந்து கயிறு பிடித்துப் பார்த்தார். தன் உம்மா வந்து தங்கினால் பிடித்து எழும்ப ஒரு கம்பி வைத்தார். கிண்ணியாவுக்குப் போய் நீல நிறத்தில் தரை ஓடு வாங்கிக்கொண்டு வந்தார். கதவுக்கு நல்ல பூட்டு. எல்லாம் சரியாக இருந்தது. சத்தத்தை மட்டும் அவர் யோசிக்கவில்லை.

சத்தம் என்று ஒன்று இருப்பதே அவருக்குத் தெரியாது. அதுதான் பரீதாவுக்குத் தாங்கவில்லை. ஆண்கள் அதற்குள் பேச்சை நிறுத்தாமலே போனார்கள். ஜவ்பர் நானா உள்ளே நின்றுகொண்டே வள்ளத்து எஞ்சினைப் பற்றிக் கத்திக் கத்திச் சொல்வார். வெளியே இருப்பவர்கள் "ஓம் ஓம்" என்பார்கள். தண்ணீர் இரையும். அவர் சாரத்தை உதறிக் கட்டிக்கொண்டு வந்து விட்ட இடத்திலிருந்து தொடருவார்.

பரீதா போனாளே அந்த ஒரு நாள், ஹோலில் பேச்சு ஒரு கணம் நின்றுபோனது. யாரும் வேண்டுமென்று நிறுத்தவில்லை. அப்படி அமைந்துவிட்டது. அந்த அமைதிக்குள் அவள் கைவிரல் பொத்தானின் மேல் நின்றது. சின்னதை அமுக்கினால் ஒரு சின்னச் சத்தம். பெரியதை அமுக்கினால் நீண்ட சத்தம். எதை அமுக்கினாலும் அவள் என்னத்துக்காக வந்தாள் என்று வெளியே கதிரையில் இருப்பவர்களுக்குத் தெரிந்துவிடும். பழையதில் இந்த வெட்கம் இருக்கவில்லை. பழையது எல்லாவற்றையும் ஒரே சத்தத்தில் கொண்டுபோனது. அதுவும் முருங்கைக்கு அப்பால்.

அவள் எதையும் அமுக்காமல் வாளித் தண்ணீரை மெதுவாகக் கொமட்டின் உட்சுவரோரமாக ஊற்றிவிட்டு வெளியே வந்தாள். யாரும் அவளைப் பார்க்கவில்லை. பார்க்காமல் இருப்பதற்காக அபூதாஹிர் பத்திரிகையைத் தூக்கிப் பிடித்த விதம் அவளுக்கு இன்னும் கண்ணில் நின்றது.

மகள் சனூஸாவுக்கு நடந்தது அதைவிட மோசம். உயர்தரம் படிக்கிற பிள்ளை. அவள் உள்ளே போய்ப் பழகாத கையால் பொத்தானை அமுக்கியபோது ஜவ்பர் நானா அபூதாஹிரிடம், "கேட்டியா, சின்னது. பிள்ளை தண்ணியை மிச்சம்பிடிக்குது," என்றார். கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. அவளைத் தூக்கி வளர்த்த மனுசன். பாராட்டாகத்தான் சொன்னார். முனாப்பும் சிரித்தார். அந்தக் கதவு திறக்க வெகு நேரம் எடுத்தது.

பிறகு பிள்ளை தண்ணீர் குடிப்பதை விட்டாள். பரீதா அதைக் கவனிக்கவே ஒரு மாதமாகிவிட்டது. போத்தலை நிறைத்துக் கொடுப்பாள், அது நிறைந்தபடியே திரும்பி வரும். தலையிடி என்றாள். பிறகு காய்ச்சல், எரிவு. கிளினிக்கில் இருந்த பெண் டொக்டர், "தண்ணி நல்லாக் குடிக்க வேணும், அடக்கி வைக்கக் கூடாது," என்று மருந்து எழுதிக் கொடுத்தாள். வரும் வழியில் முச்சக்கர வண்டிக்குள் சனூஸா துறைமுகத்துப் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு சொன்னாள்:

"குடிச்சாப் போகணும் உம்மா."

அன்றைக்குத்தான் பரீதா அவளை வேலிப் பொட்டுக்குள்ளால் கூட்டிக்கொண்டு போனாள்.

கணவரிடம் சொல்லாமலும் இல்லை. ஒரு காலை அவர் கடைக்குப் போகச் சேட்டுப் பொத்தான் பூட்டிக்கொண்டு நின்றபோது, "ஆக்கள் இருக்கக்குள்ள அங்க போக ஏலாம இரிக்கு," என்றாள்.

"ஏன், பூட்டு இறுகுதா?"

"பூட்டு இல்ல. கேக்கும்."

"என்ன கேக்கும்?"

அவர் அவளுடைய முகத்தைப் பார்த்தார். உண்மையாகவே விளங்காமல்தான் பார்த்தார். "மனுசர் எல்லாரும் போறதுதானே புள்ள. நீங்க என்ன, புதுப் பொண்ணா?" என்று சிரித்துவிட்டுப் போனார். அவர் ஒரு கொடுமைக்காரர் என்றால் அவளுக்கு இலேசாக இருந்திருக்கும். கோபத்தை ஒரு இடத்தில் இறக்கி வைத்திருக்கலாம்.

பின்னேரம் மதுசன் வந்தான். மாம்பழ நிறச் சேட்டு, கழுத்தில் கந்தோர் அட்டை. பின்னால் இரத்தினசிங்கம் வந்தார். துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிறவர், கோணேஸ்வரியின் புருசன். ஜவ்பர் நானாவும் அபூதாஹிரும் போகவே இல்லை. அவர்களுக்குப் பக்கத்தில் இன்னொரு கதிரை இழுத்துப் போட்டார்கள்.

"அங்கிள், சந்தோசமான செய்தி," என்றான் மதுசன். "இந்த ஒழுங்கையில ஆகக் குறைஞ்ச தண்ணி உங்கட வீட்டிலதான் போயிருக்கு. எங்கட சேருக்கே நம்ப ஏலாமப் போச்சு. மீற்றர் பழுதோ எண்டு ரெண்டு தரம் ஆள் அனுப்பிப் பாத்தவை."

"நான் சொன்னனான்தானே!" முனாப் தொடையில் தட்டினார். "பில்லைப் பாத்து நானே திகைச்சுப் போனன்."

திரைக்குப் பின்னால் பரீதா தட்டத்தில் கோப்பைகளை அடுக்கிக்கொண்டிருந்தாள். கை நின்றது. பழைய தொட்டி ஒழுகியது நின்றுவிட்டது, அது உண்மைதான். ஆனால் அந்தப் பொத்தான்கள் மிச்சம்பிடித்தது எவ்வளவு, நானும் என் பிள்ளையும் அடக்கி வைத்தது எவ்வளவு என்று எந்த மீற்றர் பிரித்துக் காட்டும்? கோணேஸ்வரியின் வாளிக்குள் போன தண்ணீரை யார் கணக்கெடுத்தார்கள்?

"நாளைக்குப் பொது மண்டபத்தில பொம்பிளையளுக்கு ஒரு கூட்டம் வைக்கிறம்," மதுசன் தொடர்ந்தான். "அதில போட்டுக் காட்ட ஒரு சின்ன வீடியோ வேணும். அன்ரிதான் சொல்ல வேணும். ஆம்பிளையள் சொன்னா அவை நம்ப மாட்டினம்."

"பரீதா!" முனாப் கூப்பிட்டார். "இஞ்ச வாங்க."

அவள் தலைச் சீலையை இழுத்துச் சரிசெய்து, கிழிந்த பக்கம் தெரியாமல் மடித்துவிட்டு, தேத்தண்ணீர்த் தட்டத்தோடு வெளியே வந்தாள். தட்டத்தை மேசையில் வைத்துவிட்டுத் திரையோரமாகப் போய் நின்றாள்.

"முகம் வேண்டாம் அன்ரி, யோசிக்காதேங்கோ," என்றான் மதுசன். "நான் கொமட்டை மட்டும்தான் எடுப்பன். நீங்கள் உள்ள நிண்டு சின்னப் பொத்தானை அமத்திக்கொண்டு ரெண்டு வசனம் சொன்னாப் போதும். தண்ணி போற சத்தமும் உங்கட குரலும் ஒண்டா வந்தால் நல்ல உயிரா இருக்கும்."

அவன் எழும்பிப் போய் அந்த வெள்ளைக் கதவைத் திறந்துவிட்டான். ஜவ்பர் நானா வழிவிட்டுக் கதிரையை ஒரு சாண் நகர்த்தினார். அவ்வளவுதான் நகர்த்தினார். உள்ளே நீல ஓடு பளபளத்தது. எல்லோரும் திரும்பி உள்ளே பார்த்தார்கள்.

"என்ன வசனம்?" என்று பரீதா கேட்டாள். கேட்டது தன் குரல்தானா என்று அவளுக்குச் சந்தேகமாக இருந்தது.

"இது எங்கட குடும்பத்துக்கு வசதியா இருக்கு, நாங்கள் எல்லாரும் பாவிக்கிறம், தண்ணி மிச்சம், நீங்களும் வையுங்கோ. அவ்வளவுதான்."

"அவ மாட்டா எண்டு சொன்னா நான் அமத்துறன்," என்றார் ஜவ்பர் நானா. "என்ர குரலுக்கு என்ன குறை?"

"உங்கட குரலைக் கேட்டா இருக்கிற பைப்பும் அடைச்சுப் போகும் நானா," என்றார் இரத்தினசிங்கம். சிரிப்பு ஹோலை நிறைத்தது. சிரிப்பு அடங்க அவர் பரீதாவின் பக்கம் திரும்பினார். "தங்கச்சி, நீங்கள் சொல்லுங்கோ. எங்கட வீட்டிலயும் இப்பிடியே முன்னுக்கு வைக்கலாம் எண்டு பாக்கிறன். கோணேஸ்தான் நிண்டு முணுமுணுக்கிறாள். நல்லதுதானே?"

அவர் கேட்ட விதத்தில் கள்ளமில்லை. பதிலுக்காகக் காத்திருந்தார். ஒரு ஆண் இப்படி அவளிடம் ஒன்றைக் கேட்டுவிட்டுக் காத்திருந்தது அவள் நினைவில் இல்லை. உண்மையைச் சொல்ல இதைவிட நல்ல இடம் கிடைக்காது.

சொல்லேன், என்று அவளுக்குள் ஒன்று உந்தியது. பகலில் நாங்கள் இதைப் பாவிப்பதில்லை என்று சொல். ஆனால் அதைச் சொன்னால் அடுத்த கேள்வி வரும். அப்போது எங்கே போகிறீர்கள்? ஏன்? எப்போதிலிருந்து? ஒவ்வொரு பதிலும் இந்த ஆண்களின் முன்னால், தேத்தண்ணீருக்கு மேலாக, அவள் வாயிலிருந்து வர வேண்டும். சனூஸாவின் காய்ச்சல் ஏன் வந்தது என்பதும் வர வேண்டும். அந்தப் பொத்தானை அமுக்குவதற்கும் இதைச் சொல்வதற்கும் என்ன வித்தியாசம்? இரண்டிலும் நாங்கள்தான் இவர்களுக்குக் கேட்கப் போகிறோம். மறைக்க வேண்டும் என்று ஆறு மாதமாக ஓடியதையே, மறைத்தது ஏன் என்று விளக்குவதற்காக எடுத்து வைக்க வேண்டும். உண்மைக்கும் இந்த வீட்டில் ஒரு கதவு இல்லை. இருக்கிற கதவு ஹோலுக்குள் திறக்கிறது.

அப்படியானால் பொய்யைச் சொல்லலாம். இரண்டு வசனம். நாளைக்கு மண்டபத்தில் இருக்கிற பெண்கள் அதைக் கேட்டுவிட்டு வீட்டுக்குப் போய்ப் புருசனிடம் சொல்வார்கள். கோணேஸ்வரியின் தகரக் கதவை மேசன் முனாஸ் கழற்றுவான். பிறகு இரண்டு வீட்டுப் பெண்களும் ஆண்கள் எழும்பும் நேரத்தைப் பார்த்துக்கொண்டு குசினிகளில் நிற்பார்கள்.

"ரெடியா அன்ரி?" மதுசன் போனை உயர்த்திப் பிடித்தான்.

பரீதா அந்தக் கதவைப் பார்த்தாள். பிறகு இரத்தினசிங்கத்தைப் பார்த்தாள்.

"நான் அதைச் சொல்ல மாட்டன் தம்பி," என்றாள்.

மதுசன் சிரித்தான். "கூச்சப்படாதேங்கோ. பிழைச்சாத் திருப்பி எடுக்கலாம்."

"கூச்சமில்ல. சொல்ல மாட்டன்."

ஹோல் அமைதியானது. அன்றைக்கு அவள் உள்ளே நின்றபோது வந்த அதே மாதிரியான அமைதிதான். ஆனால் இன்றைக்கு அவள் வெளியே, எல்லோரும் பார்க்க நின்றாள். அபூதாஹிர் மேசையில் பத்திரிகையைத் தேடினார்.

"என்ன இது?" முனாப் எழும்பி அவளுக்குக் கிட்ட வந்தார். குரலைத் தாழ்த்தினார். "ஆக்களுக்கு முன்னுக்கு என்ன விளையாட்டு? இவ்வளவு தூரம் வந்த பிள்ளை. ரெண்டு வசனம்தானே. எனக்காகச் சொல்லுங்க."

அவருடைய சேட்டிலிருந்து கடையின் எண்ணெய் மணம் வந்தது. அவர் கெஞ்சுகிறார் என்பது அவளுக்கு விளங்கியது. அது பரிதாபமாகவும் இருந்தது, ஆத்திரமாகவும் இருந்தது. எனக்காக என்று கேட்க அவருக்கு இரண்டு வசனம் இருக்கிறது. எனக்காக என்று சொல்ல எனக்கு ஒரு சொல்லும் கிடைக்கவில்லையே.

"இல்ல," என்றாள்.

"ஏன் எண்டாவது சொல்லுங்க."

அவள் தலையை மட்டும் இல்லை என்று அசைத்தாள்.

இரத்தினசிங்கம் கோப்பையைக் கையில் வைத்துக்கொண்டு குடிக்காமல் இருந்தார். அவர் எதையாவது விளங்கிக்கொண்டாரா என்று அவளுக்குத் தெரியவில்லை. திறந்து கிடந்த கதவையும் ஜவ்பர் நானாவின் கதிரையையும் பார்த்துக்கொண்டிருந்தார். வெறுமனே பார்த்தும் இருக்கலாம்.

"பரவாயில்ல அங்கிள்," என்றான் மதுசன். அவன் முகம் வாடிவிட்டது. "வீட்டில மகள் இருக்கிறாதானே? படிச்ச பிள்ளை. அவவைக் கூப்பிடுங்கோ, அவ வடிவாச் சொல்லுவா."

"அதுதான் சரி," என்றார் முனாப். முகத்தில் வெளிச்சம் வந்தது. திரையின் பக்கம் திரும்பி, "மகள்! சனூ! இஞ்ச வாங்க ஒருக்கா," என்று குரல் கொடுத்தார்.

உள்ளறையில் கதிரை பின்னுக்குத் தள்ளுகிற சத்தம் கேட்டது. பரீதா ஓரமாக நின்ற இடத்திலிருந்து ஒரு அடி வைத்துத் திரைக்கு நேரே வந்தாள். இரண்டு கையாலும் வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டாள்.

"அவளும் வர மாட்டா," என்றாள்.